மறைக்கும் வேலி

ஆமை வளர்ப்பவர்கள் தோட்டத்துக்கு வேலி போடும்போது கம்பிவலையைத் தவிர்த்துவிடுவார்கள். பலகை, செங்கல், மண்ணில் பாதி புதைத்த மரக்கட்டை, எதுவாகவும் இருக்கலாம். ஊடே பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். வலைக்கு அப்பால் புல் தெரிந்தால் ஆமை அதை நோக்கி நடக்கும். வலை தடுத்தாலும் நிற்காது. இடுக்கில் தலையை நுழைக்கும், முன்னங்காலால் கம்பியைப் பற்றி ஏறப் பார்க்கும், ஏறி மல்லாந்து விழும், மூக்குத் தோல் உரியும்வரை அதே இடத்தில் முட்டும். அங்கே ஒரு முழ உயரத்துக்குப் பலகை நிறுத்தப்பட்டிருந்தால் சற்று நேரம் அதன் ஓரமாகவே நடந்துவிட்டு உள்பக்கம் திரும்பிவிடும். மேயத் தொடங்கும்.

ஆமையைக் கொல்லையில் பத்திரமாக உலவவிடுவது என்று நாம் சொல்வது இதைத்தான். அதன் கண்ணிலிருந்து உலகத்தை மறைக்கிறோம். நாய், வண்டிச் சக்கரம், குளம், புல்வெட்டும் எந்திரம், உறைபனி இவற்றிலிருந்து காப்பாற்றத்தான் மறைக்கிறோம், சந்தேகமில்லை. ஆனாலும் ஓர் உயிரின் விருப்பத்தை அதன் கண் வழியாகவே அணைத்துவிடுவது சின்னக் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அப்படிச் செய்பவர் அந்த உயிருக்கு என்ன கடன்படுகிறார் என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவது அரிது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி ஒரு பக்கம். நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மறுபக்கம். பழமொழியை நான் ஏற்கவில்லை, சட்டத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஆகவே ஆமையும் தோட்டமும் சேர்ந்து நீண்ட காலம் வாழ்ந்த இடத்தைத் தேடி இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஓர் ஆமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு தோட்டங்களில் வாழ்ந்ததும், அதை ஒரு மனிதர் விடாமல் கவனித்து எழுதியதும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

முதல் தோட்டம் சசெக்ஸ் பகுதியில், லூயிஸ் நகரத்துக்கு அருகே ரிங்மர் கிராமத்தில் இருந்தது. தோட்டம் என்பதைவிடச் சுவர் சூழ்ந்த ஒரு சிறு முற்றம் என்பதே சரி. அந்த வீட்டு அம்மையார் ரெபெக்கா ஸ்னூக். 1740 வாக்கில் அங்கே வந்துசேர்ந்தது ஆமை. சிசெஸ்டர் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் அரை கிரவுன் கொடுத்து வாங்கியதாக அந்தக் குடும்பத்தில் பேச்சு. அத்தை வீட்டுக்கு அவ்வப்போது வந்துபோன மருமகன்தான் கில்பர்ட் வைட். செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார். பறவைகளையும் மண்புழுக்களையும் வானிலையையும் நாள்தவறாமல் குறித்துவைத்தவர். அவருடைய கடிதங்கள் 1789-ல் செல்போர்னின் இயற்கை வரலாறாகப் புத்தகமாக வந்து இன்றுவரை அச்சில் இருக்கின்றன.

1770-ல் ரிங்மரிலிருந்து டேன்ஸ் பாரிங்டன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் வைட் முதன்முறையாக இந்த ஆமையை விரிவாகச் சொல்கிறார். நவம்பர் நடுவில் மண்ணுக்குள் போகிறது, ஏப்ரல் நடுவில் வெளியே வருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதத்தில் அது குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்கிறார். முன்னங்காலால் மண்ணைச் சுரண்டிப் பின்னங்காலால் மேலே தள்ளுகிறது, கடிகாரத்தின் மணி முள்ளைவிடக் கொஞ்சமே வேகம். பாரம் ஏற்றிய வண்டிச் சக்கரத்தையே தாங்கக்கூடிய ஓட்டைச் சுமந்துகொண்டு மழைத்துளிக்கு அப்படிப் பயப்படுகிறதே என்று வியக்கிறார். காலையில் அது கால் நுனியில் நிமிர்ந்து நடந்து ஆவலாக மேய்ந்தால் இரவுக்குள் மழை வரும் என்று கண்டுபிடிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனக்குத் தீனி போட்ட அம்மையாரைக் கண்டதும் அது தட்டுத்தடுமாறி அவரை நோக்கி விரைகிறது, புதியவர்களைப் பொருட்படுத்துவதில்லை என்றும் எழுதுகிறார்.

தொடக்கத்தில் வைட்டுக்கு இந்தப் பிராணியின்மேல் மதிப்பு இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் ஒன்றுக்கு இறைவன் ஏன் இவ்வளவு நீண்ட ஆயுளைக் கொடுத்தான் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி மறைந்து, ஒரு வேலையாளிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ காட்டும் அக்கறை மெல்ல வருவதை அவருடைய குறிப்புகளில் பார்க்கலாம். அன்பால் வந்ததா, தொடர்ந்து பார்த்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் விஷயத்தில் இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ரெபெக்கா ஸ்னூக் 1780-ல் இறந்தார். குளிர்காலக் குழிக்குள் இருந்த ஆமையை அந்த மார்ச் மாதத்தில் வைட் தோண்டி எடுத்தார். கோபத்தில் சீறியது. மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டி மாற்றி மாற்றி, எண்பது மைல் பயணம் செய்து செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு பாத்தி ஓரத்தில் இறக்கிவிட்டதும் ஆமை என்ன செய்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். தோட்டத்தின் கோடிவரை நடந்து போனது. இரண்டு முறை அப்படிப் போனது. அன்று மாலை குளிரத் தொடங்கியதும் பொலபொலத்த மண்ணில் மறுபடியும் புதைந்துகொண்டது. பயண அலைச்சல் அதை உசுப்பிவிட்டது என்று வைட் விளக்கம் தருகிறார். இன்று ஆமை வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் வேறொன்றும் சொல்வார்கள்: புதிய இடத்தில் விடப்படும் ஆமை முதலில் எல்லையைத்தான் பார்க்கும். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

ரிங்மர் முற்றத்துக்கும் செல்போர்ன் தோட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ரிங்மரில் நாற்புறமும் சுவர். செல்போர்னில் வைட் தன் தோட்டத்தை அந்தக் காலத்து ரசனைப்படி, தொலைவில் உள்ள புல்வெளியும் மரமடர்ந்த குன்றும் கண்ணுக்குத் தடையில்லாமல் தெரியும்படி அமைத்திருந்தார். அதற்காக ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் ஒரு பள்ளம் வெட்டுவார்கள். ஒரு பக்கம் சரிவாக இறங்கும், மறுபக்கம் செங்குத்தாகச் சுவர் எழும். சுவரின் தலை தரைமட்டத்தோடு நின்றுவிடும். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு வேலியே இல்லாததுபோல் நிலம் நீளும், மேய்கிற மாடு மட்டும் உள்ளே வர முடியாது. ஹா-ஹா என்று அதற்குப் பெயர். மனிதன் தன் கண்ணுக்காகக் கண்டுபிடித்த வேலி அது. எல்லை இருக்க வேண்டும், ஆனால் அது தன் கண்ணில் படக்கூடாது. ஆமைக்கு நாம் கட்டுவது இதற்கு நேர் எதிரான வேலி: எல்லை மட்டுமே கண்ணில் பட வேண்டும், அப்பால் எதுவும் தெரியக்கூடாது. செல்போர்ன் ஆமை அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தால் நிதானித்து நின்று பின்வாங்கிவிடும் என்பதை வைட் மதிப்போடு குறித்திருக்கிறார். விழவில்லை. ஆனால் அப்பால் இருந்ததை அதுவும் பார்த்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் அதன் நடத்தை மாறும் என்று எழுதுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடும். கால் நுனியில் நிமிர்ந்து தோட்டம் முழுக்கச் சுற்றும். வேலியில் உள்ள ஒவ்வொரு சிறு கதவையும் ஒவ்வொரு இடுக்கையும் சோதித்துப் பார்க்கும். தோட்டக்காரரின் கண்ணில் படாமல் பலமுறை வெளியேறித் தொலைவயல்களுக்குப் போனதும் உண்டு. 1784-ல் அப்படிப் போனது ஒரு வாரத்துக்கும் மேல் திரும்பவில்லை. பிறகு பக்கத்து அவரை வயலில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வைட், தன் நண்பரின் மகளான ஹெக்கி மல்சோவுக்கு, ஆமையே எழுதுவதாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். டிமொத்தி என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆமை அதில் தன் வரலாற்றைச் சொல்கிறது. ஓடிப்போனதற்குக் காரணமும் சொல்கிறது. மேட்டில் நின்று பார்த்தால் எதிர்க் குன்றும் புல்வெளியும் தெரிந்தன, அங்கே தன் இனத்தார் இருக்கக்கூடும் என்று தோன்றியது, சின்னக் கதவு திறந்திருந்த ஒரு வெயில் காலையில் தோட்டக்காரர் தாமஸ் ஹோரின் கண்ணுக்குத் தப்பிக் கிளம்பிவிட்டது.

பார்த்ததால் போனது. கம்பிவலையைத் தவிர்க்கச் சொல்லும் வளர்ப்பு விதி எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, நண்பரின் மகளை மகிழ்விக்க எழுதிய கடிதத்தில், வைட் அந்த விதியின் உள்ளே நுழைந்துவிட்டார். அதற்குள் நுழைய அவர் ஆமையின் இடத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. தன் கண்ணுக்கு விருந்தாகத் தான் திறந்துவைத்த காட்சி இன்னொரு கண்ணையும் இழுத்திருக்கிறது என்று அவர் உணர்ந்த கணம் அது என்று படிக்கிறேன். அதன்பிறகு அவர் பார்வையை மறைத்துச் சுவர் எழுப்பியதாகத் தெரியவில்லை. கதவைக் கவனித்திருப்பார்கள், அவ்வளவுதான். டிமொத்தி அந்தத் தோட்டத்திலேயே வைட்டின் காலத்துக்குப் பிறகும் இருந்தது. அவர் 1793-ல் இறந்தார், ஆமை 1794-ல்.

ஓடு பாதுகாக்கப்பட்டது. இன்றும் லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்தவர்கள் டிமொத்தி பெண் என்று கண்டார்கள். கடைசிவரை அது ஆண் என்றே நம்பிய வைட், ஜூன் மாத அலைச்சலுக்குத் துணை தேடும் வேட்கை காரணம் என்று எழுதியிருந்தார். பெண் ஆமைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் நின்று யோசிப்பார்கள். முட்டை சுமக்கும் பெண் ஆமை, ஆண் துணை இல்லாமல் கருவற்ற முட்டைகளைச் சுமந்தாலும்கூட, தீனியைக் குறைத்துவிட்டு வேலியோரமாக ஓயாமல் நடக்கும். அங்கங்கே நின்று மண்ணைச் சுரண்டி முகர்ந்து பார்க்கும். வெயில் விழும், ஈரம் தேங்காத, தோண்டினால் இளகும் ஒரு சரிவு கிடைக்கும்வரை அடங்காது. கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு நோயுறும், சில சமயம் இறந்தும் போகும். டிமொத்தி தேடியது இன்னொரு ஆமையையா, ஒரு கை அளவு மண்ணையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வைட்டின் களிமண் தோட்டத்தில் அப்படி ஒரு சரிவு இருந்திருந்தால் அந்த வாரம் அது அவரை வயலுக்குப் போயிருக்குமா என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வேலியோர நடையை வெறும் சிறைப்பட்ட தவிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆமைக்கு ஒன்றும் தெரியாது, பழக்கத்தில் நடக்கிறது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பாரும் அந்த நடையைப் படிப்பதில்லை. வெயிலுக்காக நடக்கும் ஆமை காலை வெயில் விழும் சுவரை விட்டுப் பிற்பகலில் மேற்கு வெயில் விழும் சுவருக்கு வரும். நிழலுக்காக நடப்பது செடி அடிவாரங்களில் நின்று நின்று போகும். முட்டைக்காக நடப்பது முகர்ந்துகொண்டே நடக்கும். டிமொத்தி இலையுதிர் காலத்தில் பழமரச் சுவரின் அருகே போய், அது திருப்பியனுப்பும் வெப்பத்தில், ஓட்டைச் சாய்த்துவைத்து வெயில் வாங்கியதை வைட் பதிவு செய்திருக்கிறார். தன்னைத் தடுத்த சுவரையே அது அடுப்பாக்கிக்கொண்டது. அந்த ஒரு குறிப்புக்காகவே வைட்டை நான் மறக்க மாட்டேன்.

இங்கிலாந்தில் ஆமைகள் எப்போதும் இப்படிக் கவனிக்கப்பட்டன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் லட்சக்கணக்கில் ஆமைகள் அங்கே வந்து இறங்கின. கூடைகளிலும் பெட்டிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வந்தன. வழியிலேயே செத்தவை போக மீந்தவை கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைத்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மத்தியதரைக் கடலோர வெயிலுக்குப் பிறந்த உடல், ஈரமான வடக்கத்திய கோடையில் போதுமான அளவு சாப்பிடாமலேயே குளிர்த் தூக்கத்துக்குப் போனது. 1984-ல் ஐரோப்பியச் சட்டம் அந்த வணிகத்தை நிறுத்தியது.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஆமையைப் பத்திரப்படுத்த எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். ஓட்டின் பின்விளிம்பில் துளை போட்டு, அதில் கயிறு கட்டி, மறுமுனையை முளையில் பிணைத்துவிடுவார்கள். ஓடு நகம்போல உணர்ச்சியற்றது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆமையின் ஓடு எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒட்டியே அது உருவாகிறது, மேலே மட்டும்தான் கெரட்டின் தகடுகள். அதற்கு இரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு. ஓட்டின் மேல் விரல் வைத்தால் ஆமைக்குத் தெரியும். அந்தத் துளையோடு இன்னும் உயிர்வாழும் முதிய ஆமைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பார்த்திருக்கிறேன். பலகை வேலி மறைப்பதைப் பற்றி நான் கவலைப்படுவது சரிதான் என்றாலும், அந்தத் துளையிலிருந்து பலகைக்கு வந்துசேர மனிதர்கள் கடந்த தூரம் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லண்டனுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தப் பலகை வேலியை அருகிலிருந்து பார்த்தேன். அவருடைய மகள் ஒரு ஹெர்மன் ஆமை வளர்க்கிறாள். உரிய சான்றிதழோடு, அங்கேயே பொரித்த ஆமை. வீட்டின் தெற்குப் பக்கத்தில், காலையிலிருந்தே வெயில் விழும் இடத்தை முதலில் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பலகையை நிறுத்துவதற்கு முன் அடியில் ஓர் அடி ஆழத்துக்குக் கற்பலகைகளைப் புதைத்திருந்தாள், ஆமை தோண்டும் என்பதால். மூலைகளில் பலகையின் தலைமேல் முக்கோணத் துண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன, ஆமை ஏறுவது பெரும்பாலும் மூலையில்தான் என்பதால். இரவுக்குக் கண்ணாடி மூடியிட்ட ஒரு பெட்டி. ஆமை உள்ளே இறங்கி ஏறக்கூடிய ஆழமற்ற தண்ணீர்த் தட்டு. நத்தைக்கு வைக்கும் விஷக் குருணை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. நாய்க்குடை, டாஃபடில் கிழங்கு, ஃபாக்ஸ்கிளவ் எதுவும் அந்தப் பாத்தியில் முளைக்க விடுவதில்லை. டேன்டேலியனும் பிளான்டெய்ன் பூண்டும் மட்டும் களையாகவே வளர்ந்து கிடந்தன. ஆமைக்கு அவைதான் விருந்து.

சாய்ந்தரம் வெயில் இறங்கியதும் அம்மம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “பிள்ளை, குளிரப் போகுது, அதைப் பெட்டிக்குள்ள விடன்.”

“இன்னும் சாப்பிடுது அம்மம்மா, கொஞ்சம் பொறுங்கோ.”

“நரி வந்தா அது உன்னட்டக் கேட்டுட்டே வரும்?”

அந்த அம்மா ஆமையைத் தொட்டதே இல்லையாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

அந்த ஆமையின் இடம் அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தபோது நாங்கள் ஆமையைத் தேட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு சிறு மேடு. அதன் மறுபக்கம் தைம் புதர், ஒரு கவிழ்த்த பாதிச் சட்டி, குறுக்கே ஒரு பழைய மரக்கட்டை, கொஞ்சம் தட்டைக் கற்கள், ஒரு லாவண்டர் வரிசை. தரையோடு தரையாக இருக்கும் ஒரு கண்ணுக்கு அந்த இடம் ஒரே பார்வையில் முடிந்துவிடாது. கட்டையைச் சுற்றிப் போனால்தான் சட்டி தெரியும். மேட்டில் ஏறினால்தான் தண்ணீர் தெரியும். அவள் மாதத்துக்கு ஒருமுறை ஒரு கல்லையாவது கட்டையையாவது இடம் மாற்றிவைப்பாளாம், எதற்கென்று கேட்டேன். “எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டா அது வேலிக்குத்தானே போகும், மாமா” என்றாள்.

வெகுநாள் யோசனைக்கு அந்தப் பதிலில் வழி திறந்தது. வேலி வெளியை மறைக்கிறது. அவள் அதோடு நிற்காமல் உள்ளேயும் மறைத்துவைத்தாள். ஒரு பக்கம் பறித்ததை இன்னொரு பக்கம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்: இன்னும் பார்க்காத ஓர் இடம், சுற்றிப் போனால் மட்டும் தெரியவரும் ஒரு மறைவு. முழுதாக ஈடாகாது. வெறும் புல்தரையின் நடுவில் ஆமையை விட்டுவிட்டு அதற்கு எவ்வளவு பெரிய இடம் கொடுத்திருக்கிறேன் பார் என்று பெருமைப்படுபவர்களைவிட அவள் எவ்வளவோ நேர்மையானவள். திறந்த புல்தரை மனிதக் கண்ணுக்கு விடுதலைபோலத் தெரியும். ஆமைக்கு அது ஒளிய இடமில்லாத வெட்டவெளி.

ஆமையின் கண்ணும் நினைவும் வெறும் பேச்சில்லை என்பதற்குச் சோதனைச்சாலைச் சான்றும் உண்டு. அன்னா வில்கின்சன் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் ஒரு சிவப்புக்கால் ஆமையை எட்டுக் கைகள் பிரியும் ஒரு புதிர்ப்பாதையில் விட்டுப் பார்த்தார்கள். 2007-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒவ்வொரு கையின் முனையிலும் தீனி. ஏற்கெனவே தின்று தீர்த்த கைக்குத் திரும்பாமல் புதியதற்குப் போக அது கற்றுக்கொண்டது. அறையில் சுற்றிலும் தெரிந்த பொருள்களை அடையாளமாக வைத்துக்கொண்டே அப்படிப் போனது. அடுத்து நடந்த சோதனையில் சுற்றிலும் திரை போட்டு அந்த அடையாளங்களை மறைத்தார்கள். ஆமை தன் முறையை மாற்றிக்கொண்டது. ஒரு கையிலிருந்து வெளியே வந்ததும் அதற்கு அடுத்த கை, அதற்கும் அடுத்தது என்று வரிசையாக நடந்தது. அதுவும் பலித்தது, தீனி கிடைத்தது. ஆய்வாளர்கள் அதை ஆமையின் அறிவுத்திறனுக்குச் சான்றாகச் சரியாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் திரை மட்டும் மனதில் நிற்கிறது. உலகம் தெரிந்தபோது இடங்களை நினைவில் வைத்து நடந்த உயிர், உலகம் மறைந்ததும் ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. பலகையோரம் சுற்றிச் சுற்றி வரும் ஆமையைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. இத்தாலியில் காட்டு ஹெர்மன் ஆமைகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டுப் பார்த்தவர்கள், அவை தம் பழைய இடத்துக்கே திரும்பி நடந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆமைக்கு வெறும் நிலம் போதாது, தன் நிலம் வேண்டும்.

வேலி கட்டுபவர் யோசிக்க வேண்டிய இன்னொன்று காலம். ஸ்பர் ஆமை என்று விற்கப்படும் ஆப்பிரிக்க சல்கேட்டாவின் குஞ்சு உள்ளங்கையில் அடங்கும். இருபது ஆண்டுகளில் ஐம்பது கிலோவரைகூட வளர்ந்து, வேலியை முட்டிச் சாய்க்கும், வீட்டு அடித்தளத்துக்குக் கீழே வளை தோண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இப்படிக் கைவிடப்பட்ட சல்கேட்டாக்களுக்கு இடம் தேடுவது மீட்பு அமைப்புகளுக்குத் தீராத வேலையாகிவிட்டது. சிறிய இனங்களும்கூட வளர்ப்பவரைத் தாண்டி வாழும். ரெபெக்கா ஸ்னூக்கின் ஆமையை எடுத்துப்போக ஒரு கில்பர்ட் வைட் இருந்தார். ஆமை வாங்க நினைக்கும் ஐம்பது வயதுக்காரர் வேலிக்குப் பலகை தேடும் முன் தனக்குப் பின் அந்தப் பெட்டியைச் சுமக்கப் போகும் ஆளைத் தேட வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் வாங்கக்கூடாது என்பதுதான் என் முடிவு.

நம் மண்ணின் ஆமைக்கு வருகிறேன். நட்சத்திர ஆமை தென்னிந்தியாவின் வறண்ட புதர்நிலங்களிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் வடமேற்கே குஜராத், ராஜஸ்தான், பாகிஸ்தான் எல்லைப்புறத்திலும் வாழ்கிறது. ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த அழகே அதற்கு எமனாகிவிட்டது. அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி உள்நாட்டில் விற்கிறார்கள். செல்லப்பிராணியாக வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் துணியில் பொதிந்து நூற்றுக்கணக்கில் பிடிபட்ட செய்திகள் நமக்குப் பழகிப்போய்விட்டன. 2019-ல் சைட்டிஸ் உடன்படிக்கை அதை முதல் பட்டியலுக்கு உயர்த்தி உலக வணிகத்தைத் தடைசெய்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு நம் கொல்லைப்புறத்தில் ஒரு நட்சத்திர ஆமைக்கு எப்படி வேலி போடுவது என்று ஆலோசனை கேட்பவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஆமைக்கும் வேலிக்கும் இங்கே வேறு ஓர் உறவு உண்டு. நட்சத்திர ஆமை அடர்காட்டுப் பிராணியாக இல்லாமல் புதர், புல், வயல் வரப்பு, வேலியோரம் எல்லாவற்றிலும் மனிதர்களுக்கு அருகிலேயே மேய்ந்து வாழ்வது. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல்நிலங்களைப் பார்த்தவர்களுக்குக் கிளுவை வேலி தெரிந்திருக்கும். உயிருள்ள முட்செடிகள் நெருங்கி நின்று ஆகும் வேலி. மாடு தாண்டாது, ஆடு தாண்டாது. அடியில் தண்டுகளுக்கிடையே பாம்பும் கீரியும் கௌதாரியும் போய்வரும். வெயில் உச்சியில் அந்த அடிநிழலில் பதுங்கவும் இடம் இருக்கும். மாட்டுக்கு வேலியாகவும் ஆமைக்கு வீடாகவும் ஒரே வரிசைச் செடி இருக்க முடியும் என்று நம் ஆட்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் நட்டுவைத்தது அது. இப்போது கிளுவையும் கள்ளியும் பிடுங்கப்பட்டு அங்கே கல்தூணும் கம்பிவலையும், மனை பிரித்த இடங்களில் தரையோடு ஒட்டிய காம்பவுண்டுச் சுவரும் வருகின்றன. புதர்நிலம் அரசுக் கணக்கில் தரிசாகவே எழுதப்படுகிறது. பயனற்றது என்று எழுதிய நிலத்தை யாருக்கும் எதற்கும் கொடுத்துவிடலாம்.

ஆகவே வறண்ட பகுதிகளில் நிலம் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது சிறியது. உயிர்வேலி இருந்தால் பிடுங்காதீர்கள். சுவர்தான் கட்ட வேண்டுமென்றால் சில இடங்களில் அடியில் ஓர் அடி அகலமும் அரை அடி உயரமும் உள்ள வழி விடுங்கள். நட்சத்திர ஆமை உங்கள் நிலத்துக்குள் வந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், நல்லது செய்வதாக நினைத்துத் தொலைவில் உள்ள காட்டுக்கும் கொண்டுபோய் விடாதீர்கள். அது நின்ற இடம் பெரும்பாலும் அதன் நிலமாகவே இருக்கும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சாலையைக் கடக்க முயன்றுகொண்டிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, தரையோடு ஒட்டித் தூக்கி, அது எந்தப் பக்கம் முகம் வைத்து நடந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விடுங்கள். வந்த பக்கத்தில் விட்டால் அது மறுபடியும் சாலையில் இறங்கும்.